இரு கரை, ஓர் ஊர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நான் புலவனல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தவன். மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, எங்கிருந்து வந்தது, எங்குப் போகவேண்டும் என்று எழுதியே என் கை பழகிவிட்டது. ஆயினும் சங்கத்தின் செயலாளர் அவர்கள், "நமது ஊர்" என்னும் பொருள்பற்றி இவ்விழாவில் பேசவேண்டும் என்று பணித்தார்கள். பெரியோர் சொல்லை மறுத்தல் முறையன்று. ஆதலின் இம்மேடையில் நிற்கின்றேன்.

"நமது ஊர்" என்றவுடன் எழும் முதல் வினா ஒன்று உண்டு. எந்த ஊர்? திருநெல்வேலியா, மதுரையா, பொள்ளாச்சியா, தஞ்சையா? நம் பாட்டன்மார் அங்கிருந்து வந்தனர், அது மெய். ஆனால் இங்கு அமர்ந்துள்ள பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய வீடு எது? அவர்கள் முதன்முதல் பள்ளிக்கு நடந்த தெரு எது? அது மட்டாஞ்சேரியே அன்றோ! ஊரை விட்டு வந்தவர்கள் என்று நம்மை நாமே எண்ணிக்கொண்டிருக்கின்றோம். வந்து சேர்ந்த ஊர் எது என்று எண்ணிப் பார்த்தோமா? பூங்குன்றனார் வழிவந்த நாம், வாழும் ஊரின் வரலாற்றை அறியாதிருத்தல் அழகாமா?

ஊர் வரலாறு என்றால் பெரிய தலைநகரங்களுக்கே உரியது என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. ஐரோப்பாவிலே ஆஸ்திரியா என்றொரு சிறு நாடு உண்டு. அதில் 2,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுட் பல, ஒரு மாதா கோவிலும் ஒரு பள்ளியும் சில நூறு வீடுகளும் மட்டுமே உடைய சிற்றூர்கள். அத்தகைய சிற்றூர்களும் தமக்கென ஊர்ச் சின்னம் வைத்துக்கொண்டு, எந்த வீடு எப்பொழுது எழுந்தது, எந்த ஆண்டு வெள்ளம் வந்தது, எவர் ஊர்த் தலைவராய் இருந்தார் என்றெல்லாம் எழுதி ஊர் நூலாகப் பேணுவது அந்நாட்டு வழக்கம். மாடு மேய்க்கும் மலையடிவாரச் சிற்றூருக்கு வரலாறு இருக்குமானால், உலகத்து வாணிகமெல்லாம் வந்து கூடிய மட்டாஞ்சேரிக்கு எத்துணை வரலாறு இருத்தல் வேண்டும்!

அதனைச் சுருங்கச் சொல்ல முயல்கின்றேன்.

கொச்சிக்கு முன்னர் இக்கரையில் புகழ்பெற்று விளங்கிய துறைமுகம் முசிறி. பெரியாற்று முகத்தில் இருந்த அப்பட்டினத்துக்கு யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு கூறுகின்றது. நம் சங்கப் புலவர் பாடிய அத்துறை பின்னர் மண்மேடிட்டுத் தூர்ந்தது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் எழுந்த பெருவெள்ளமே முசிறித் துறையை மூடிக் கொச்சியின் வாயிலைத் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இயற்கை ஒரு கதவை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிட்டது. 1405-ஆம் ஆண்டளவில் பெரும்படப்பு அரச குடும்பத்தாரும் தம் இருக்கையைக் கொச்சிக்கு மாற்றினர். அன்று முதல் அவர்கள் கொச்சி மன்னர் ஆயினர்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பெருங்கப்பற்படையுடன் மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர் இங்கு வந்தார். கொச்சியில் தாம் கண்ட மக்கட் பிரிவுகளை அவர் எழுதி வைத்திருக்கின்றார். அவற்றுள் ஒரு பிரிவினரை அவர் "செட்டி" என்னும் ஒலியிலேயே குறிக்கின்றார். அவர்கள் பணம் படைத்தோர்; மிளகையும் மணிகளையும் முன்னதாகவே வாங்கிச் சேர்த்து வைத்து, கப்பல் வரும்பொழுது விற்போர் என்பது அவர் தரும் விளக்கம். தரகு செய்வோராக மற்றொரு பிரிவினரையும் அவர் கூறுகின்றார். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனர் காதில் விழுந்த அச்சொல் நம் காதுக்குப் புதியதா? நேற்று வந்தவர்கள் என்று நம்மை யாரேனும் சொல்லக் கேட்டால் சினம் கொள்ளவேண்டா; இச்செய்தியை அமைதியாக எடுத்துச் சொன்னால் போதும்.

1500-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கப்ரால் என்னும் போர்த்துக்கேசியத் தலைவர் தம் கப்பல்களோடு கொச்சித் துறையை அடைந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரியோடு பகை கொண்டிருந்த கொச்சி மன்னர் அவர்களை வரவேற்றார். 1503-இல் கடல் வாயிலருகே கோட்டை எழுந்தது. இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதற் கோட்டை அதுவே. வாஸ்கோ ட காமா 1524-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இங்கேயே உயிர் நீத்தார். அவரை அடக்கம் செய்த இடத்தைப் பிரான்சிசு தேவாலயத்தில் இன்றும் காட்டுகின்றனர். எலும்புகள் மட்டும் பின்னர்ப் போர்த்துக்கலுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

கோட்டைக்குள் இருந்த ஊரைப் போர்த்துக்கேசியர் தாழ்கொச்சி என்றும், மன்னர் இருக்கையும் சந்தையும் அமைந்த மட்டாஞ்சேரியை மேல்கொச்சி என்றும் அழைத்தனர். அன்றே ஊர் இரண்டாயிற்று. கோட்டை ஒருவருக்கு, சந்தை மற்றொருவருக்கு. இப்பிரிவு 400 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இங்கே தமிழர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்திய மொழிகளுள் முதன்முதலாகத் தன் எழுத்திலேயே இந்நாட்டில் அச்சேறிய மொழி தமிழ். 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் 16 பக்கச் சிறு நூல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579-இல், "கிரிசித்தியானி வணக்கம்" என்னும் நூல் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. எங்கே? சென்னையிலன்று, மதுரையிலன்று, இந்தக் கொச்சியிலே! இரண்டையும் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக் என்றிக்கசு பாதிரியார். சமயத்தைப் பரப்புவது அவர் நோக்கம். ஆனால் நம் மொழிக்குக் கிடைத்தது அச்சுக்கலை. தமிழ்நாட்டுப் பெருநகரங்கள் அச்செழுத்தைக் காணாத நாளில், நாம் அன்றாடம் படகேறும் இந்த நீர்க்கரையில் தமிழ் எழுத்து தாளில் பதிந்தது. இவ்வூரில் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்து அறியாமல் வளர்வார்களானால், அதைவிட வருந்தத் தக்கது வேறு என்ன இருக்கின்றது?

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துக்கேசியர் கட்டி 1555-ஆம் ஆண்டளவில் வீரகேரள வர்ம மன்னருக்கு அளித்தனர். 1663-இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதன் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் இன்றும் ஒளிர்கின்றன. அரண்மனையை அடுத்தே யூதர் வழிபாட்டு மன்றம் 1568-இல் எழுந்தது. அரசன் வீட்டு வளாகமும் அகதியாய் வந்த மக்களின் கோவிலும் அருகருகே நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். உலகின் பல நாடுகளில் விரட்டப்பட்ட அம்மக்களுக்குக் கொச்சி மன்னர் தம் மதிலோரத்திலேயே இடம் தந்தார். 1760-இல் அம்மன்றத்துக்கு மணிக்கூண்டு அமைந்தது. அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள். மன்றத்தைப் பார்த்த முகத்தில் எபிரேய எண்கள். தெருவைப் பார்த்த முகத்தில் ரோமானிய எண்கள். எண்கள் வெவ்வேறாயினும் காட்டும் நேரம் ஒன்றே. மட்டாஞ்சேரி எத்தகைய ஊர் என்று கேட்பவர்களுக்கு அம்மணிக்கூண்டைக் காட்டினால் போதும்.

டச்சுக்காரர் காலத்தில் மற்றொரு பெரும்பணி நிகழ்ந்தது. வான் ரீடு என்னும் டச்சு ஆளுநர், மலையாள நாட்டுச் செடி கொடிகளைப் பற்றிய "ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்" என்னும் நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அது வெளிவந்தது. அதற்கு மருத்துவ அறிவை வழங்கியவர்கள் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் ஆவர். கோவாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த கொங்கணியர் இவ்வூரின் அறிவுக்கு ஆற்றிய தொண்டு அது. வந்தேறிகள் வயிறு வளர்க்க மட்டும் வந்தவர்கள் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதே டச்சுக்காரரோடு நம் இனத்தார் வரலாறும் பின்னியுள்ளது. போர்வீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை டச்சுக்காரர் அழைத்து வந்தனர் என்பது கோட்டைக்கொச்சி வெளிப்பகுதியில் வாழும் அம்மக்களின் வழிவழிச் செய்தி. டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்து போயினர், அவர்கள் உடைகளை வெளுத்த கைகள் இங்கேயே நின்றன. முன்னாளில் குளக்கரைகளில் துவைத்தவர்களுக்கு, 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் கழகம் தோபிக்கானா என்னும் சலவைக்கூடத்தைக் கட்டித் தந்தது. அங்குச் சென்று பாருங்கள். வரிசை வரிசையாகத் துவைகல் தொட்டிகள். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் செருகி வெயிலில் உலர்த்திய வெள்ளை வேட்டிகள். கரிப் பெட்டியின் சூடு. நடுவே ஒலிக்கும் தமிழ்ப் பேச்சு. பட்டம் பெற்ற நம்மிற் பலர் வீட்டில் தமிழைக் கைவிட்டுக்கொண்டிருக்க, நீரில் நின்று உழைக்கும் அவர்கள் தலைமுறை தலைமுறையாய் அதனைக் காத்து வந்துள்ளனர். நம் சங்கத்தின் முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கும் உரியவை என்பதனைப் பணிவோடு கூறிக்கொள்கின்றேன்.

1795-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1806-இல் கோட்டை மதில்களை இடித்துத் தள்ளினர். மதில் போயிற்று, எல்லை போகவில்லை. கோட்டைக்கொச்சி ஆங்கிலேயர் ஆட்சியில், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த துண்டு நிலமாயிற்று. மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடு. இராமேசுவரம்–கல்வத்திக் கால்வாய்க்கு அப்பால் சென்னைச் சட்டம். இப்பால் கொச்சிச் சட்டம். ஒரு கரையில் குற்றம் செய்தவன் மறுகரையில் வேறு அரசின் எல்லையில் நிற்பான். சென்னையிலிருந்து அரசாணை பெற்று நடந்த சின்னஞ்சிறு ஊர் ஒன்று நம் வீட்டு வாயிலுக்கு எதிரே இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோமா?

அச்சின்னஞ்சிறு ஊருக்கு ஒரு நகராட்சியும் இருந்தது. சென்னை மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 1866 நவம்பர் 1-ஆம் நாள் கோட்டைக்கொச்சி நகராட்சி அமைந்தது. கண்ணனூர், தலைச்சேரி, கோழிக்கோடு, பாலக்காடு ஆகிய பெரிய ஊர்களோடு ஒரே காலத்தில், ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட பெருமை அதற்குண்டு. கொச்சி மன்னரும் வாளா இருக்கவில்லை. 1896-இல் மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் நகர அவைகளை ஏற்படுத்தினார். விளக்கு, சாலை, சாக்கடை, சந்தை, குடிநீர் என்று ஊர்க்காரியங்களை ஊரார் கூடிப் பேசும் முறை அவ்வாறு இங்கு வேரூன்றியது.

பின்னர் வந்தது புகைவண்டி. என் சோறு அதிலிருந்து வருவதால், அதைப்பற்றி இரண்டு சொல் கூடுதலாகச் சொன்னால் பொறுத்தருள்க. 1902-இல் சோரனூரிலிருந்து எறணாகுளத்துக்குக் கொச்சி அரசின் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் தேட, திருப்பூணித்துறைக் கோவில் யானைகளின் பொன் முகபடாங்களை மன்னர் இராமவர்மா விற்றார் என்று கொச்சி நாட்டார் இன்றும் நன்றியோடு சொல்லுவர். தெய்வத்தின் பொன் மக்களின் பாதையாயிற்று. சோரனூரில் அப்பாதை சென்னைப் பாதையோடு கூடியது. அன்று முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து சரக்கும் மனிதரும் எளிதாய் வந்து சேர்ந்தனர். எறணாகுளத்தில் இறங்கிப் படகேறி மட்டாஞ்சேரிக் கரையில் கால்வைத்தவர்களுள் நம் முன்னோர் பலர் இருந்தனர். பஜார் சாலையின் அரிசிக் கடைகளிலும் மிளகுக் கிடங்குகளிலும் கணக்கெழுதியவர்களும், தராசு பிடித்தவர்களும், மூட்டை சுமந்தவர்களும் அவர்களே.

ஆயினும் கடல் வாயிலில் கெட்டிப்பட்ட மணற்றிட்டு ஒன்று கிடந்தது. பெருங்கப்பல்கள் வெளியே நின்றன. சரக்கெல்லாம் தோணிகளில் ஏறி இறங்கின. 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் இங்கு வந்தார். அவர் அத்திட்டைத் தூர்வாரும் கப்பலால் வெட்டிக் கால்வாய் அமைத்தார். தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டி வெலிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே 26-ஆம் நாள் "பத்மா" என்னும் நீராவிக் கப்பல் உட்துறைமுகத்துள் நுழைந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. ஊர் செழித்தது, ஐயமில்லை.

செழிப்பின் மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது. அக்காலத்துத் துறைமுகத்தில் கூலிவேலைக்கு ஆள் எடுக்கும் முறைக்குச் "சாப்பா" என்று பெயர். சாப்பா என்பது உலோக வில்லை. விடியற்காலையில் நூற்றுக்கணக்கான ஏழைகள் கூடி நிற்பர். கங்காணி அவ்வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். விழுந்து புரண்டு, ஒருவர் மேல் ஒருவர் ஏறி, வில்லையைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை. கைப்பற்றாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. மனிதரை மனிதர் இவ்வாறு நடத்துவதா என்று தொழிலாளர் பொங்கி எழுந்தனர். 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போராட்டத்தில் தொழிலாளர் மூவர் உயிர் துறந்தனர். வில்லை வீசும் அம்முறை பின்னாளில் ஒழிந்தது. நாம் இன்று நிமிர்ந்து நடக்கும் தெருவில் அவர்கள் குருதி சிந்தியிருக்கின்றது. எந்த மொழி பேசினார்கள், எந்த மதத்தைச் சார்ந்தார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பசி ஒன்றாயிருந்தது, மானமும் ஒன்றாயிருந்தது.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1949 ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தபொழுது கோட்டையும் சந்தையும் ஒரே மாநிலத்தில் நின்றன. 1967 நவம்பர் 1-ஆம் நாள் கோட்டைக்கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும், வெலிங்டன் தீவும், அண்டை ஊராட்சிகளும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின. நாட்களைக் கவனித்தீர்களா? கோட்டைக்கொச்சி நகராட்சி தோன்றிய நாளும் நவம்பர் 1. அது மாநகராட்சியில் கலந்த நாளும் நவம்பர் 1. சரியாக 101 ஆண்டுகள் வாழ்ந்தது அச்சிறிய நகராட்சி. போர்த்துக்கேசியர் காலத்தில் இரண்டாய்ப் பிரிந்த ஊர் அன்றுதான் ஒரே ஆட்சியின்கீழ் ஒன்றாயிற்று.

அன்பர்களே! இவையெல்லாம் பழங்கதை, இவற்றால் நமக்கு என்ன பயன் என்று யாரேனும் எண்ணக்கூடும். அவர்களுக்காக என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் மேற்படிப்புக்காகப் பிறப்பிடச் சான்று வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அதன் பெயர் இங்கு வேண்டா. விண்ணப்பத்தில் எங்கள் பெயர்களைப் பார்த்த ஊழியர், "நீங்கள் தமிழர்கள் அல்லவா? இங்கு எப்பொழுது வந்தீர்கள்? சான்று என்ன இருக்கின்றது?" என்று வினவினார். நான் இவ்வூரில் பிறந்தவன். என் தந்தையாரும் இவ்வூரில் பிறந்தவர். ஆனால் வாய்ச்சொல் சான்றாகாது அன்றோ? மூன்று முறை நடந்தேன். கல்லூரியில் சேர்வதற்குரிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என் மகள் ஒன்றும் பேசாமல் இருந்தாள். ஆயினும் அவள் முகத்தை என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

அப்பொழுது என் தாயார் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். என் பாட்டனார் பஜார் சாலையில் ஒரு மண்டியில் கணக்கராய் இருந்தவர்; தாள் ஒன்றையும் எறியமாட்டார். பழைய கடிதங்களுக்கிடையே, மட்டாஞ்சேரி நகராட்சிக்கு அவர் வரி செலுத்தியதற்கான ரசீது ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது; பெயரும் ஆண்டும் முத்திரையும் மட்டும் அழியவில்லை. அதனைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த ஊழியர் அதனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையொப்பத்துக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் சான்று கைக்கு வந்தது.

அந்த நகராட்சி இன்று இல்லை. அந்த ரசீதை எழுதிய எழுத்தரும் இருக்கமாட்டார். ஆனால் அவர் ஒழுங்காய் எழுதிய ஒரு வரி, அரை நூற்றாண்டு கடந்து, தாம் காணாத ஒரு பெண்பிள்ளையின் கல்விக்குக் கைகொடுத்தது. நானும் எழுத்தன் ஆதலின் இதனை எண்ணி எண்ணி நெகிழ்கின்றேன். எங்கள் சரக்கு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அனுப்பியவர் பெயரும் பெறுவோர் பெயரும் அழிந்துபோன மூட்டை எவ்வளவு விலைமதிப்புடையதாயினும், கிடங்கின் மூலையில் கிடந்து கடைசியில் ஏலத்துக்குப் போகும். மக்கட் கூட்டத்துக்கும் அதுவே விதி. எங்கிருந்து வந்தோம் என்பதையும், யார் கையில் ஒப்படைக்கப் போகின்றோம் என்பதையும் எழுதி வைக்காத கூட்டம் உரியவர் இல்லாத மூட்டையாகிவிடும்.

யூதத் தெருவை எண்ணிப் பாருங்கள். 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், 1950-களிலும் அதன் பின்னரும் கொச்சி யூதர் மிகப் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். 1968-இல் மன்றத்தின் 400-ஆம் ஆண்டு விழா நடந்தபொழுது பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்திருந்தார்; நினைவு அஞ்சல்தலையும் வெளியாயிற்று. இன்று அத்தெருவில் அச்சமூகத்தார் அரிதினும் அரியராய்விட்டனர். ஆயினும் அவர்கள் பெயர் அழியவில்லை. ஏன்? மன்றம் இருக்கின்றது; மணிக்கூண்டு இருக்கின்றது; செப்பேடும் ஏடுகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகளும் வேலை தேடிப் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுகொண்டிருக்கின்றனர். நாளை நம் தெருவும் வெறுமையானால், இங்குத் தமிழர் வாழ்ந்தனர் என்பதற்கு எது நிற்கும்?

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: நம் காலனியின் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு தாளில் தன் வரலாற்றை எழுதித் தரவேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் முதலில் வந்தார், என்ன தொழில் செய்தார், எந்தத் தெருவில் குடியிருந்தார், யார் உதவினார். இவ்வளவு போதும். உதவிய மலையாளி அண்டை வீட்டாரின் பெயரையும், கடன் தந்த கொங்கணி வணிகரின் பெயரையும், வேலை தந்த குஜராத்தி முதலாளியின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். நன்றி மறவாமை தமிழர் அறம்.

இரண்டாவது: வரி ரசீது, பங்கீட்டு அட்டை, பள்ளிச் சான்று, பழங்கடிதம், நிழற்படம் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். சங்கத்தில் ஓர் இரும்பு அலமாரி வாங்குவோம். படி எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருவோம். பதிவேடு எழுதும் பொறுப்பை எனக்கு அளித்தால், ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலையில் வந்து எழுதித் தருவேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே.

மூன்றாவது: அத்தாளை எழுதும் கை பிள்ளைகளின் கையாய் இருக்கவேண்டும்; எழுதும் எழுத்து தமிழாய் இருக்கவேண்டும். பாட்டி சொல்லப் பேரன் எழுதட்டும். நம் பிள்ளைகள் மலையாளம் நன்கு படிக்கின்றனர், படிக்கவேண்டும், அது இந்நாட்டு மொழி, நம் மொழிக்கு உடன்பிறந்த மொழி. ஆங்கிலமும் படிக்கின்றனர், நன்று. ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தைப் பேத்தி பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை நம்மிற் பல வீடுகளில் வந்துவிட்டது. பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் திருத்திக்கொள்ளக்கூடிய குறை இது. 1579-இல் தமிழ் அச்சேறிய ஊரில், இவ்வாண்டில் நம் பிள்ளைகள் தம் குடும்ப வரலாற்றைத் தமிழில் ஒரு தாள் எழுதுவது பெருஞ்செயல் அன்று. ஆனால் செய்யத்தக்க செயல்.

அடுத்த ஆண்டு விழாவுக்குள் 25 தாள்கள் சேர்ந்தாலும் போதும். அவற்றை வரிசைப்படுத்தி அச்சிட்டால் அடுத்த மலர் நம் ஊர் நூலின் முதற்பகுதியாய் அமையும்.

 வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் மட்டாஞ்சேரி! வளர்க நம் சங்கம்!